செபஸ்தியார் வண்டியின் நம்பர்

பாஸ்கலுக்கு இந்த உலகத்தில் பயம் என்று ஒன்று இருந்தால், அது யானையிடம் இல்லை, மண்சரிவிடமும் இல்லை. தன் கடையில் கத்தரீனாளின் மேசைமேல் இருந்த கம்ப்யூட்டரிடம்தான். பயம் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வந்துவிடும். "மரியாதைன்னு சொல்லு" என்பார். சரி, மரியாதை என்றே வைத்துக்கொள்வோம். மூணாறு பஜாரில் ஹார்ட்வேர் கடை வைத்திருக்கிற, சிமெண்ட் மூட்டையை ஒற்றைத் தோளில் தூக்கிப்போடுகிற அந்த மனுசர், தன் மனைவி கத்தரீனாள் பில் போடும்போது மட்டும் மாதா கோயிலில் நற்கருணை வாங்கப் போகிறவரைப் போலக் கைகட்டிப் பின்னால் நிற்பார்.

விஷயம் இதுதான். வருச வியாபாரம் ஐந்து கோடியைத் தாண்டிய கடைகள், வரிப்பதிவு உள்ள இன்னொருவருக்குச் சரக்கு விற்றால் வெறும் பில் போதாது. அந்தப் பில்லை இணையத்தில் அரசாங்கத்துக்கு அனுப்பி, அங்கிருந்து ஒரு எண்ணும் ஒரு கட்டம் போட்ட க்யூஆர் கோடும் வாங்கி அதில் அச்சடிக்க வேண்டும். "உங்க கடையும் தாண்டிருச்சு" என்று வரிக்கணக்கு பார்க்கிற மோகனசுந்தரம் சொன்ன அன்று பாஸ்கல் வாய்விட்டுச் சிரித்தார். "ஆணியும் கீலும் வித்து எவன்யா கோடியைப் பார்த்தான்?" என்றார். சிமெண்டையும் கம்பியையும் தகர ஷீட்டையும் சேர்த்து மோகனசுந்தரம் கணக்கைக் காட்டியதும் சிரிப்பு நின்றுவிட்டது. கடை வாசலுக்கு வந்து மலைகளை அண்ணாந்து பார்த்தார். நீலமும் சிவப்புமாக எத்தனை கூரைகள்! முக்கால்வாசி அவர் கடை ஷீட்டு. அடேயப்பா, இத்தனை குடும்பங்களின் தலைக்கு மேலேயா நம்ம சரக்கு கிடக்கிறது என்று மலைத்துப்போனார். "அப்போ லாபமெல்லாம் எங்கங்க போச்சு?" என்று உள்ளேயிருந்து கத்தரீனாள் கேட்டாள். அவர் மறுபடியும் கூரைகளை எண்ண ஆரம்பித்தார்.

முதல் பில் அனுப்பிய நாளை அவர் மறக்கவே மாட்டார். கத்தரீனாள் ஒரு பொத்தானை அழுத்தினாள். கண்ணைச் சிமிட்டித் திறப்பதற்குள் எண் வந்து நின்றது. மூணாற்றிலிருந்து எங்கேயோ போய், யாரோ பார்த்து, முத்திரை குத்தித் திருப்பி அனுப்பியாகிவிட்டது. பாஸ்கல் சிலுவை போட்டுக்கொண்டார். கத்தரீனாள் தலையில் அடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு திருகாணி வாங்க வருகிறவனைக்கூட அவர் விடுவதில்லை. "இந்த நம்பரு இந்தியாவிலேயே வேற எவன் பில்லுக்கும் கிடையாது, தெரியுமாலே?" என்று காட்டிக்காட்டி மாய்ந்துபோவார்.

அந்தப் பில்லுக்கு அண்ணன் மாதிரி முன்னாலேயே வந்தது வழிப்பில், ஈ-வே பில் என்பார்கள். பெரிய தொகைச் சரக்கு ரோட்டில் போகவேண்டுமென்றால், எந்த வண்டியில் போகிறது என்று வண்டி நம்பரையும் அதில் ஏற்றவேண்டும். இங்கேதான் மலைக்காரர்களின் வழக்கம் வந்து குறுக்கே விழுந்தது. மூணாற்றிலிருந்து வட்டவடைக்கு ஓடுகிற ஜீப்புகளின் நம்பர் எவனுக்கும் தெரியாது. நெற்றியில் எழுதிய பெயர்தான் வண்டி. லூர்து மாதா வந்துட்டுதா, மலையாண்டவர் போயாச்சா, செபஸ்தியார்ல இடம் இருக்கா என்றுதான் கேட்பார்கள். ஆகவே, வழிப்பில் ஆரம்பித்த காலத்தில் பாஸ்கலே ஜீப் ஸ்டாண்டுக்குப் போய் ஒவ்வொரு பெயருக்கும் நேரே நம்பரை எழுதிக்கொண்டு வந்தார். கத்தரீனாள் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவைத்தாள். அதற்குப் பிறகு செபஸ்தியார் என்று அடித்தால் போதும், நம்பர் தானாக வந்து உட்காரும். அந்த வசதியைக் கண்டும் பாஸ்கல் வாயைப் பிளந்தார்.

செபஸ்தியார் வண்டிக்காரன் ஜின்சன். ஈஸ்டர் கழிந்த கையோடு பழைய ஜீப்பை உடைக்கக் கொடுத்துவிட்டு, கொஞ்சம் புதுசான ஒன்றை வாங்கிவந்தான். பெயர்ப்பலகையைக் கழற்றி இதில் மாட்டினான். முன்னால் இருந்த புனிதர் சுரூபம், ஹாரன், டிரைவர் சீட்டின் பழைய மெத்தை எல்லாம் இதற்கு வந்தன. சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். பாஸ்கல் போய்க் கேக் தின்றுவிட்டு வந்தார். அவரையும் சேர்த்து ஒருத்தருக்கும் அது வேறு வண்டி என்று தோன்றவில்லை. வண்டி மாறலாம், செபஸ்தியார் எப்படி மாறுவார்?

ஐப்பசிக் காற்று வட்டவடையில் பூண்டுக் கொட்டகையின் கூரையைப் பிய்த்துக்கொண்டு போன சேதி ஒரு நாள் காலையில் வந்தது. போன் செய்தது நாச்சம்மாள். பூண்டு விளைவிக்கிற பெண்களின் சங்கத்துக்குத் தலைவி. அந்தச் சங்கத்துக்கு வரிப்பதிவு உண்டு, பாஸ்கல் கடையில் கணக்கும் உண்டு.

"தம்பி, அறுத்த பூண்டு பூராம் பரண்ல தொங்குது. அடுத்த நடவுக்கு எடுத்துவச்ச விதைப்பூண்டும் அங்கனதான் கெடக்கு. மேல வானம் தெரியுதுப்பா" என்றாள். "சேலையும் சாக்கும் போட்டு மூடிருக்கோம். மத்தியானத்துக்கு மேல மழை அடிச்சா அம்புட்டும் போச்சு. விதையும் போச்சுன்னா அடுத்த வருசமும் போச்சு."

ஐப்பசியில் மலையில் மத்தியானம் தாண்டினால் மழை என்பது கடிகாரம் பார்த்து வருகிற விருந்தாளி. பாஸ்கல் யோசிக்கவே இல்லை. "மழைக்கு முன்னால ஷீட்டு அங்க நிக்கும்க்கா. என் பொறுப்பு" என்றார்.

சொன்னால் சொன்னதுதான். குடோனில் கிடந்த அத்தனை ஷீட்டையும் ஜின்சனின் ஜீப்பில் ஏற்றிக் கட்டினார்கள். கத்தரீனாள் பில்லை அனுப்பினாள், எண் வந்தது. வழிப்பில்லில் செபஸ்தியார் என்று அடித்தாள், நம்பர் வந்து உட்கார்ந்தது. ஜின்சன் ஹாரனை அடித்துக்கொண்டு கிளம்பினான். பாஸ்கல் நெஞ்சை நிமிர்த்தி ஒரு டீ குடித்தார்.

குண்டளை தாண்டியிருப்பான் என்று நினைத்திருந்த நேரத்தில் ஜின்சனின் போன் வந்தது.

"அண்ணாச்சி, குண்டளைல டாக்ஸ்காரங்க செக்கிங். பிடிச்சுட்டாங்க. பில்லுல உள்ள வண்டி வேறயாம்."

"வேறயா? செபஸ்தியார் வண்டிதானலே!"

"அதைத்தான் அண்ணாச்சி நானும் சொல்லுதேன். ஆபீசரம்மாவுக்குச் செபஸ்தியாரைத் தெரியலை."

பாஸ்கல் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு பைக்கை முறுக்கினார். தேயிலைக் காட்டுக்கு நடுவே போகிற அந்த ரோட்டில் அவர் அப்படிப் பறந்ததே இல்லை. போகிற வழியெல்லாம் மேலே பார்த்தார். மலைக்கு அந்தப் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

குண்டளையில் ரோட்டோரமாக ஜீப் நின்றது. பக்கத்தில் வரித்துறையின் கார். அதிகாரி ஜோமோள் சின்ன வயதுக்காரி, மலையாளம் கலந்த தமிழ் பேசுகிறவள். சத்தம் போடவில்லை, முறைக்கவும் இல்லை. அதுவே பாஸ்கலுக்குப் பெரிய கிலியாக இருந்தது. கையிலிருந்த போனை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"சேட்டா, பில்லு சரியாணு. சரக்கும் சரியாணு. பக்ஷே வண்டி? இந்த நம்பர் பொளிச்ச, உடைச்சுப் போட்ட வண்டியாணு. ஆர்.சி. கேன்சலாயி. இப்படியொரு வண்டி பூமியிலேயே இல்ல."

பாஸ்கல் ஜின்சனைப் பார்த்தார். ஜின்சன் ஜீப்பின் முன்னாலிருந்த நம்பர் பிளேட்டைப் பார்த்தான். அப்புறம் அவரைப் பார்த்தான். இரண்டு பேர் முகத்திலும் ஈயாடவில்லை. தீர்த்தம் தெளித்த அன்று தின்ற கேக்கின் ருசிகூட அந்தக் கணத்தில் பாஸ்கலின் நாக்கில் வந்து போயிற்று.

"ஐயோ, இது... பழசு போய்ப் புதுசு வந்துச்சு மேடம். பேரு அதேதான். நம்பரை மாத்த மறந்தே போச்சு."

"மறந்ததோ?" ஜோமோள் விரலால் தள்ளிக்கொண்டே போனாள். "ஜூன்ல இந்த வண்டி வட்டவடைக்குச் சிமெண்ட் கொண்டுபோயி. ஜூலையில கம்பி. ஓணம் கழிஞ்சு பைப்பு. செத்த வண்டி மழைக்காலம் முழுக்க மலை ஏறியிருக்கு சேட்டா. எப்படி ஏறிச்சு?"

பாஸ்கல் எட்டிப் பார்த்தார். அவர் கடைவிட்டுப் போன ஒவ்வொரு லோடும் அந்தச் சின்னத் திரையில் வரிசையாக நின்றது. தேதி, சரக்கு, ஊர், எல்லாம். அவரே மறந்துபோன நடைகள். மாட்டிக்கொண்டு முழிக்கிற அந்த நிலையிலும் மனுசருக்குப் புல்லரித்தது. "ஆத்தாடி, ஒண்ணைக்கூட விடலையே!" என்று வாயைவிட்டுச் சொல்லிவிட்டார். ஜின்சன் அவர் கையைக் கிள்ளினான்.

பாஸ்கல் எல்லாவற்றையும் சொன்னார். கூரை போனதை, பூண்டை, விதையை, நாச்சம்மாளுக்குக் கொடுத்த வாக்கை. ஜோமோள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"நீங்க கள்ளன் அல்லன்னு எனக்குத் தோணுது" என்றாள். "பக்ஷே ஒரே பில்லை வச்சுப் பத்துத் தடவை சரக்குக் கடத்துறவனும் என் முன்னால இதே முகத்தோடதான் நிக்கறான். நம்பர் ஒண்ணு ரெண்டு எழுத்து மாறியிருந்தா நான் இப்பவே விட்டிருப்பேன். இது வண்டியே வேற. மேல எழுதி அனுப்பியாச்சு. உத்தரவு நாளைக்குத்தான் வரும்."

"அபராதத்தை இப்பவே கட்டிடுதேன் மேடம். எவ்வளவுன்னு சொல்லுங்க."

"உத்தரவு வராம நான் என்னத்தை வாங்க?"

நியாயம்தான். அந்த நியாயம்தான் அவரைக் கொன்றது. ஒரு அயோக்கிய அதிகாரியாக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டியாவது ஆறியிருப்பார். கத்தரீனாளுக்குப் போன் போட்டார். விஷயத்தைக் கேட்டதும் அவள் குரல் உடைந்துவிட்டது. "நான்தானங்க அடிச்சேன். ஒரு வார்த்தை கேட்டுட்டு அடிச்சிருக்கக் கூடாதா" என்று புலம்பினாள். வேறு கடைகளில் ஷீட்டு கிடைக்குமா என்று பார்க்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அவளே திரும்பக் கூப்பிட்டாள். காற்று அடித்ததற்கு அப்புறம் பஜாரில் ஒரு கடையிலும் ஒரு துண்டுகூட மிச்சமில்லை.

பிறகு நாச்சம்மாளைக் கூப்பிட்டார். மழைக்கு முன்னால் ஷீட்டு வராது என்று சொன்னார். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். "ஆகட்டும் தம்பி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அதற்குச் செருப்பால் அடித்திருக்கலாம்.

அவர் ரோட்டோரக் கல்லில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ஜின்சன் ஒரு காரியம் செய்தான். ஜீப்பின் மேல்மூடிப் படுதாவின் கயிறுகளை ஒவ்வொன்றாக அவிழ்க்க ஆரம்பித்தான்.

"மேடம்," என்றான், "நீங்க சரக்கையும் வண்டியையும்தான பிடிச்சுவச்சிருக்கீங்க? வண்டிப் படுதாவையுமா?"

ஜோமோள் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினாள். படுதாவைப் பார்த்தாள், பில்லைப் பார்த்தாள், இருண்டு வருகிற வானத்தையும் பார்த்தாள். "படுதா பில்லில இல்ல" என்றாள். "அது உன் இஷ்டம்."

"என்னலே செய்யுத?" என்று பாஸ்கல் எரிந்து விழுந்தார். "அம்மாம் பெரிய கொட்டகைக்கு உன் ஒத்தைப் படுதா போய் எந்த மூலைக்கு?"

"ஒரு மூலைக்கு ஆகும்லா" என்றான் ஜின்சன், மடித்துக்கொண்டே.

மூணாற்றிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு லூர்து மாதா வந்தது. ஓட்டுகிறவன் டிஜோ. ஜின்சன் கைகாட்டி நிறுத்தி, படுதாவை உள்ளே திணித்து, நடந்ததைச் சொன்னான். டிஜோ மாட்டிக்கொண்ட ஜீப்பைப் பார்த்து, "அட, செபஸ்தியாருக்கு வந்த சோதனையே!" என்று கேலி செய்துவிட்டுப் போனான். அதற்குப் பின்னால் மலையாண்டவர் வந்தது. அதை ஓட்டினவனும் கேட்டுவிட்டுப் போனான். இன்னும் சில வண்டிகள் வந்தன, விசாரித்தன, போயின. பாஸ்கலுக்கு ஒவ்வொருத்தனிடமும் தன் மடத்தனம் சொல்லப்படுவதைக் கேட்க நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அப்புறம்தான் ஒன்றைக் கவனித்தார். மேலே போன வண்டி ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. வட்டவடையிலிருந்து கோஸும் கேரட்டும் ஏற்றிக்கொண்டு மத்தியானம் இறங்குகிற ஜீப்புகள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், எஸ்டேட் ஆட்கள், ஒன்றும் இல்லை. ரோடு துடைத்துவிட்டது போலக் கிடந்தது. எங்கேயாவது மண் சரிந்துவிட்டதா? அவருக்கு உட்கார முடியவில்லை.

"நான் மேல போறேன் மேடம். அந்த அக்கா முகத்தைப் பார்த்துச் சொல்லணும். போன்ல சொல்லி ஒளிஞ்சுக்கிட முடியாது."

ஜோமோள் தலையசைத்தாள். "போயிட்டு வாங்க சேட்டா. சரக்கு இங்க பத்திரமா இருக்கும்."

டாப் ஸ்டேஷன் தாண்டும்போது முதல் இடி இடித்தது. சோலைக்காட்டு வாசலில் வனக் காவலரிடம் கேட்டார். "போனதெல்லாம் போனதுதான், ஒண்ணும் இறங்கல. என்னன்னு எனக்கும் தெரியல" என்றார் அவர். காட்டுக்குள் பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. மழை என்றால் மழையா அது! முன்சக்கரம் தெரியவில்லை. பாஸ்கலுக்குக் கண்ணீர் எது, மழை எது என்று பிரிக்கத் தெரியவில்லை. பூண்டு நனைகிறது, நனைகிறது என்றே மனசு அடித்துக்கொண்டது. பரணில் தொங்குகிற ஒவ்வொரு கொத்தும் தன் தலையில்தான் நனைகிறது என்று நினைத்தார்.

வட்டவடைக் கடைத்தெருவான கோவிலூரின் வளைவு திரும்பியதும் பிரேக்கை அழுத்தினார். பைக் வழுக்கி நின்றது.

ரோட்டின் இரண்டு பக்கமும் ஜீப்புகள். மேல்மூடி இல்லாத ஜீப்புகள். வெறும் இரும்புக் கம்பிகள் விலா எலும்பு போல நிற்க, சீட்டிலும் ஸ்டியரிங்கிலும் மழை கொட்டி, உள்ளே தண்ணீர் குளமாகத் தேங்கி நின்றது. இத்தனை வருசத்தில் அவர் பார்த்த அத்தனை வண்டிகளும் மொட்டையாக நின்றன. லூர்து மாதா, மலையாண்டவர், ஒன்று பாக்கியில்லை.

அவர் பைக்கைப் போட்டுவிட்டு ஓடினார்.

பூண்டுக் கொட்டகையின் மேல் பச்சையும் கறுப்பும் நீலமுமாக, ஒட்டுப்போட்டதும் கிழிந்து தைத்ததுமாக, ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் படுதாக்கள் கிடந்தன. விட்டத்தில் குதிரை ஏறினதுபோல டிரைவர்கள் உட்கார்ந்து, காற்று தூக்கவிடாமல் ஓரங்களைப் பிடித்து இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். சொட்டச்சொட்ட நனைந்துபோய், ஒருத்தனை ஒருத்தன் வைதுகொண்டு, சிரித்துக்கொண்டு. கீழே இறங்கவேண்டிய சனங்கள் டீக்கடை இறவாரத்தில் மூட்டைமுடிச்சோடு ஒண்டி நின்று, "அந்த ஓரம்! அந்த ஓரம் தூக்குது பாரு!" என்று கத்தினார்கள். ஒருத்தர்கூட எப்போது வண்டி எடுப்பீர்கள் என்று கேட்கவில்லை.

பாஸ்கல் ஒவ்வொரு படுதாவாகப் பார்த்தார். சாமி, இது என்ன, இது என்ன என்று மட்டும் உள்ளே ஓடியது.

நாச்சம்மாள்தான் அவரைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"அக்கா, நான்..." என்று ஆரம்பித்தார்.

"அட, விடுப்பா." அவள் முகமெல்லாம் தண்ணீர். "டிஜோப் பய ஒரு படுதாவைக் கொண்டாந்து இறக்குனான். செபஸ்தியார் வண்டிப் படுதான்னான். இதை ஒண்ணை வச்சு நான் என்னடா பண்ணன்னு கேட்டேன். பதிலே சொல்லல. அவன் வண்டிப் படுதாவை அவுக்க ஆரம்பிச்சிட்டான். பாத்துக்கிட்டு நின்னவன் ஒவ்வொருத்தனா அவுத்தான். நான் ஒருத்தனையும் கேக்கல தம்பி. சத்தியமா ஒருத்தனையும் கேக்கல." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

உள்ளே அரையிருட்டு. பூண்டு வாசனை மூக்கில் ஏறியது. பரண் முழுக்கக் கொத்துக்கொத்தாகத் தொங்கியது. பாஸ்கல் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு கொத்தைத் தொட்டார். தோல் சரசரத்தது. உலர்ந்தே இருந்தது. விதைப்பூண்டுக் கூடைக்குள் கையை விட்டுப் பார்த்தார். அதுவும் உலர்ந்தே இருந்தது. தலைக்கு மேலே மழை தடதடவென்று படுதாக்களில் விழுந்து வழிந்தது. அண்ணாந்து பார்த்தபடி அப்படியே நின்றார். இதற்கு யார் எழுதிக் கேட்டார்கள்? யார் உத்தரவு போட்டார்கள்? வெளியே அத்தனை ஜீப்பிலும் தண்ணீர் நிரம்பிக்கொண்டிருந்தது.

போன் அடித்தது. கத்தரீனாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது.

"இங்க மழை கொட்டுதுங்க. அங்க?"

"கொட்டுது."

"பூண்டு?" என்றாள். "சொல்லுங்க. பூண்டு என்னங்க ஆச்சு?"

நனையல என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம், அவருக்கு அது போதவில்லை. போனைக் காதிலிருந்து எடுத்து, கையை உயர்த்தி, படுதாக்களுக்கு அடியில் நீட்டிப் பிடித்தார். மேலே டிஜோ யாரையோ கயிறு கேட்டுத் திட்டுகிற சத்தமும், சனங்களின் கூச்சலும், துணிமேல் விழுகிற மழையும் அவளுக்குக் கேட்டிருக்கும். திரும்பக் காதில் வைத்தபோது, "மூடிட்டாங்களா!" என்று கத்தரீனாள் அழுதுகொண்டிருந்தாள். அவர் போனை மறுபடியும் மேலே உயர்த்திப் பிடித்தார்.